முழங்கால் தகடு

முதல் வரிசை எழுந்துவிட்டது. அயலாரோடு சமாதானமாய் இருக்கிறவர்கள் கிட்டி வாருங்கள் என்று குருவானவர் திருவிருந்துக்கு அழைத்து வாய் மூடுவதற்குள் தவசிமுத்துவின் கால்கள் தாமாகவே ஆர்கனை மிதிக்க ஆரம்பித்திருந்தன. நாற்பத்திரண்டு வருஷமாய் மிதிக்கிற கால்களுக்கு மனசைக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை, விரல்களுக்கும் இல்லை, ஆகையால் மனசு ஒன்றுதான் வேலையில்லாமல் கிடந்தது, வேலையில்லாத மனசு எங்கே போகும், போகக்கூடாத இடத்துக்குத்தான் போகும். போகாதே என்றார் அதனிடம். ஆர்கனின் தலைமாட்டில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடியைப் பார்க்காதே என்றும் சொன்னார். பக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்கிறவர் குருவானவரின் சைகையைத் தெரிந்துகொள்வதற்காக வைத்த சின்னச் சவரக் கண்ணாடி அது, நேரே பார்த்தால் ஆல்டர் தெரியும், கொஞ்சம் தலையைச் சாய்த்தால் பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சு தெரியும். சாய்த்தார். லீதியாள் அங்கேதான் இருந்தாள். தம்பி ரத்தினராஜின் மனைவி, இல்லை, தம்பியின் விதவை, அந்த வார்த்தை இன்னும் நாக்கில் ஒட்டவில்லை. வெள்ளையில் பொடிப் பூப்போட்ட சேலை, மடியில் பைபிள், பைபிளின்மேல் இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு. பதினொரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் கிருபாபுரம் கோயில் வாசலை மிதித்திருக்கிறாள். ஏன் இன்றைக்கு, எதற்கு இன்றைக்கு, தன்னைப் பார்க்கவா, தன்னைக் காட்டிக்கொடுக்கவா. சீ, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அப்படிப்பட்டவள் இல்லை என்பதுதானே இத்தனை மாதமாய் நெஞ்சை அறுக்கிறது, அப்படிப்பட்டவளாய் இருந்து தெருவில் நின்று நாலு வார்த்தை ஏசியிருந்தால் தான் எவ்வளவோ நிம்மதியாய் இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே அடுத்த அடிக்கு விரலை மாற்றினார்.

வரிசைக்குப் பன்னிரண்டு பேர், இன்றைக்கு வந்திருக்கிற கூட்டத்துக்கு இருபது வரிசை போகும். எல்லாரும் வாங்கி முடித்த பிறகு, கடைசியில், ஆர்கன் வாசிக்கிறவர் எழுந்துபோய் முழங்காலில் நின்று அப்பமும் திராட்சரசமும் வாங்கவேண்டும், அப்பா காலத்திலிருந்து அதுதான் வழக்கம், அந்த ஒரு நிமிஷம் மட்டும் ஆர்கன் ஓய்ந்திருக்கும். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் தவசிமுத்து பதினொரு மாதமாய்ச் சபைக்குக் கொடுக்கவில்லை. முதல் மாதம் குருவானவர் கண்ணாடி வழியாய்ச் சைகை காட்டியபோது இடது முழங்காலைத் தட்டிக் காட்டித் தலையை அசைத்தார், வலி, வரமுடியாது. அது பொய். அடுத்த மாதம் நல்ல மனுஷர், தாமே தட்டை எடுத்துக்கொண்டு ஆர்கன் பக்கம் இறங்கி வரப்பார்த்தார். தவசிமுத்து பதறிப்போய், முழங்காலில் நில்லாமல் வாங்க மனசு வரலைங்கய்யா என்று சொல்லிவிட்டார். அது அதைவிடப் பெரிய பொய். வாத்தியாருக்கு என்ன பயபக்தி பாருங்க என்று அது சபைக்குள் ஒரு புகழாய்ப் பரவி, வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன் அதை உதாரணமாகவே எடுத்துப் பேசினான், முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குச் சபையார் கைதட்டாத குறை. வீட்டுக்காரி கனகபாய் மட்டும் கைதட்டவில்லை. சாட்சியை விசாரிக்கிற மாதிரி மெதுவாய், "முழங்கால் வலின்னா மாடிப்படி எப்படி ஏறுதிய?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். பதிலுக்கு அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். பொய்க்கும் கூலி உண்டு போலிருக்கிறது. நாலு மாதமாய் அந்த முழங்கால் நிஜமாகவே வலிக்கிறது.

ஐந்தாவது வரிசை. பாடகர் குழுப் பையன்கள் இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள், மூன்றாவது அடியில் சுருதி அரைக்கால் இறங்குகிறது, அதைத் தூக்கி நிறுத்த வலது கையில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தார், முழங்கால் தன் பாட்டுக்குத் தகட்டைத் தேடியது. வேண்டாம், தொடாதே. ஆர்கனுக்கு அடியில், இடது முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு மரத்தகடு தொங்கும். அதை முழங்காலால் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் பெட்டிக்குள் மூடிக்கிடக்கிற அத்தனை சத்தமும் ஒரே மூச்சில் திறந்துகொள்ளும், ஜன்னல் கண்ணாடி அதிரும், பண்டிகை நாளில் கடைசிப் பாட்டின் கடைசி அடிக்கு மட்டும்தான் அப்பா அதைத் தொடுவார். வெளியே யாருக்கும் தெரியாது, கைகள் அதே கட்டைகளின்மேல் அதே மாதிரித்தான் இருக்கும். அதுதான் அதில் உள்ள வசதி. பதினொரு மாதத்துக்கு முன்னால், அடக்க ஆராதனையன்றைக்கு, ரத்தினராஜின் சவப்பெட்டி ஆல்டருக்கு முன்னால் இருந்தது, தலைமாட்டில் லீதியாள், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரித்தான் அவளும் முதலில் அழுதாள். பிறகு என்ன வந்ததோ, எழுந்து நின்றாள், இரண்டு கைகளையும் தூக்கினாள், "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்து அது உயர்ந்து உயர்ந்து அல்லேலூயாவாகி, பிறகு யாருக்கும் விளங்காத ஒரு பாஷையாகி, கண்ணீர் ஒரு பக்கம் ஓட, கைதட்டி, செத்த புருஷனுக்கு முன்னால் கைதட்டி! முன் பெஞ்சில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள், அல்லது தவசிமுத்துவுக்குச் சிரிப்பாய்க் கேட்டது. முகமெல்லாம் தீப்பிடித்தாற்போல் ஆனது, தன் குடும்பம், தன் அப்பா கட்டிக்காத்த கோயில், இவள் தான் போகிற கைதட்டு சபையின் ஜெபவீட்டுக் கூத்தை இங்கே கொண்டுவந்து ஆடுகிறாள் என்று, குருவானவர் பாட்டு நம்பர் சொல்வதற்கு முன்னாலேயே விரல்கள் கட்டையில் விழுந்தன, முழங்கால் தகட்டைத் தள்ளியது. கண்ணாடியில் பார்த்தார். கைகள் தூக்கியபடி இருந்தன, வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஆர்கன் அதை முழுசாய் விழுங்கிவிட்டது. முதலில் ஒரு கை இறங்கியது, பிறகு மற்றக் கை. திரும்பி ஆர்கன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், கோபம் இல்லை, கேள்விதான் இருந்தது, அதன் பிறகு உட்கார்ந்துவிட்டாள். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் காப்பி குடிக்கும்போது கமிட்டி மெம்பர் ஜெயசிங், "சமயத்துல கோயில் மானத்தக் காப்பாத்தினீரு வே" என்று தோளைத் தட்டினார், இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள், தவசிமுத்துவுக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன், தம்பியைப் புதைத்த அன்றைக்கு அது இனித்தது, மூன்று நாள் இனித்தது.

எட்டா, ஒன்பதா, வரிசைக் கணக்கு விட்டுப்போயிற்று. அந்தக் கைதட்டு சபைக்காரர்களை அவர் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறார். கர்த்தருக்குக் காது மந்தமா, இவ்வளவு சத்தம் எதுக்கு என்பார், எல்லாரும் சிரிப்பார்கள். இந்த ஊரிலேயே பெரிய சத்தப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்கிறோமே என்று அன்றைக்கு உறைக்கவில்லை, தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். லீதியாள் ஞாயிறு காலையில் கோயிலுக்கு வருவாள், சாயங்காலம் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் ஓட்டுக்கூரை போட்ட அந்த ஜெபவீட்டுக்குப் போவாள். ரத்தினராஜுக்குச் சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது அந்த ஜெபவீட்டு ஆட்கள்தான் தினமும் வந்தார்கள், கஞ்சி கொண்டுவந்தார்கள், ஆட்டோவில் ஏற்றி இறக்கினார்கள். கோயிலிலிருந்து ஒரு தரம் எட்டுப் பேராய்ப் போய் ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்து நிறுத்தி நிதானமாய் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வந்தோம், நான்தான் தலைமை. அதற்கப்புறம் அவனும் அவளோடு அங்கே போக ஆரம்பித்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் தன் வீட்டு நடையிலேயே அவளை நிறுத்தி வைத்து, "சீக்காளிய இழுத்துக்கிட்டுப் போயி ஆடவைக்கியே, ஒனக்கே நல்லாருக்கா?" என்று கேட்டார். அவள், "நான் இழுக்கல அத்தான், அவியளே வாராவ" என்றாள். நம்பவில்லை. நம்பவில்லையா? கட்டையைப் பார்த்து வாசி, தவசிமுத்து. நம்பவில்லை என்று சொல்லாதே, உனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு மத்தியானம், அவர் வீட்டில் ஆட்டுக்கறி செய்திருந்தார்கள், தூக்குச்சட்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். கேட்டைத் திறக்கக் கை வைத்தபோது உள்ளே நாலைந்து பேர் பாடுகிற சத்தம், கைதட்டு, அந்தக் கைதட்டுக்குள் ஒரு கைதட்டு மட்டும் தாளத்துக்கு முந்தியும் பிந்தியும் தடுமாறிக்கொண்டிருந்தது. அது யார் என்று அவருக்குத் தெரியாதா. அப்பா பாடகர் குழுவை நடத்தின காலத்தில் ரத்தினராஜுக்கு ஒன்பது வயசு, சுருதி சேராது, தாளம் நிற்காது, அப்பா பிரம்பின் நுனியால் அவன் விரல் மொளியில் அடித்து, கோயில்ல நீ வாயை மட்டும் அசை, சத்தம் வெளிய வரப்படாது என்றார். அடித்ததில் ஒரு விரல் வீங்கிப்போயிற்று. பன்னிரண்டு வயசு தவசிமுத்து அப்போது பக்கத்தில் ஆர்கன் மிதித்துக்கொண்டிருந்தான், நிறுத்தவில்லை. அதிலிருந்து நாற்பது வருஷம் ரத்தினராஜ் கோயிலில் வாயை மட்டும் அசைத்தான். அப்பா செத்த பிறகும் அசைத்தான், அவன் கல்யாணத்திலும் அசைத்தான், வாராவாரம் இந்தக் கண்ணாடியில் தவசிமுத்து அதைப் பார்த்திருக்கிறார், பழகிப்போய், அது அவன் முகத்தின் ஒரு சாயல் என்றே நினைத்துவிட்டார். அந்த மத்தியானம் கேட்டுக்கு வெளியே நின்று, அந்த ஒன்பது வயசுக்குப் பிறகு முதல்முதலாய் அவன் பாடுவதைக் கேட்டார். சகிக்கவில்லை. கழுத்துநரம்பு புடைக்கப் பாடுகிறான் என்று சத்தத்திலேயே தெரிந்தது, ஒரு சுரம் சேரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்குள் போய் நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை, தூக்குச்சட்டியோடு திரும்பிவிட்டார். ஆள் இல்லை என்று கனகபாயிடம் சொன்னார். ராத்திரி அந்தக் கறியை அவரே சாப்பிட்டார்.

"வாத்தியாரே." பக்கத்தில் யாரோ குனிந்தார்கள். ஜெயசிங். வாங்கிவிட்டுத் தன் பெஞ்சுக்குப் போகிற வழியில், பயபக்தியான முகத்தை மாற்றாமலே, "அந்தம்மா இன்னும் எந்திக்கல. கடைசில போயி என்னத்தயாவது ஆரம்பிச்சா, போன தடவ மாதிரித் திறந்து விட்டுரும்" என்றார். "ம்" என்றார் தவசிமுத்து. ஏன் ம் என்றாய். வாயில் வேறு எழுத்தே கிடையாதா. இந்த ம்-ஐத்தானே அன்றைக்கும் சொன்னாய், ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில், ஊசி குத்திக் குத்தி நீலம்பாரித்த கையால் ரத்தினராஜ் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தப்பக்கம் லீதியாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்க, "அண்ணே, நான் போனா நீதான் வாசிக்கணும், வேற யாரும் தொடப்படாது. இவ ஸ்தோத்திரம் பண்ணணும், வாய்விட்டு, சத்தமா, ஆரும் தடுக்கப்படாது. எனக்கு ரெண்டும் வேணும்ணே" என்று சொன்னபோது. அவள் உரிப்பதை நிறுத்திவிட்டு உன் முகத்தைப் பார்த்தாள். நீ ம் என்றாய். அது வாக்கு இல்லாமல் வேறென்ன. அந்த வாக்கை நம்பித்தான் அவள் எழுந்து நின்றாள், அந்த வாக்கைக் கேட்டவர்கள் உலகத்தில் மூன்று பேர், ஒருவன் பெட்டிக்குள் கிடந்தான், ஒருத்தி கைகளைத் தூக்கினாள், மூன்றாவது ஆள் முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினான். அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊர் வாய்க்கு அவலாய்ப் போயிருக்கும், இவர் காதுக்கு வராமலா இருக்கும். சொல்லவில்லை. ஐயோ, சொல்லாமலே இருந்துவிட்டாளே.

பதினெட்டாவது வரிசை எழுந்தது. கனகபாய் வாங்கிவிட்டுத் திரும்புகையில் கண்ணாடியைப் பார்த்து, அதாவது அவரைப் பார்த்து, ஒரு கணம் நின்றாள். போய்விட்டாள். வலி முழங்காலிலிருந்து தொடைக்கு ஏறியது. இன்றைக்கும் தலையை அசைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது, ஆண்டவரோடு தனியாய்ப் பேசிக்கொள்ளலாம், ஆண்டவரிடம் பேசுவதில் கஷ்டம் இல்லை, அவர் திருப்பிப் பார்க்கமாட்டார், இவள் பார்ப்பாள். தகுதியில்லாமல் அபாத்திரமாய் வாங்கிச் சாப்பிட்டால் ஆக்கினைத் தீர்ப்பு என்று சின்ன வயசில் படித்தது, வாங்காமலே இருப்பதற்கு என்ன ஆக்கினை என்று யாரும் சொல்லித்தரவில்லை, இதுதானோ அது, இப்படிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது. பார்த்தார். சபை கடைசிச் சரணத்தில் இருந்தது, எல்லா வாயும் பாடிக்கொண்டிருந்தது, லீதியாளின் வாயும். நல்லது, பாடுகிறாள், என்று ஒரு மூச்சு விடப்போனவர் விடவில்லை. அவள் தொண்டை அசையவில்லை. மூச்சு ஏறவில்லை, இறங்கவில்லை. பாடுகிறவர்களை ஆயுசெல்லாம் கண்ணாடியில் பார்த்தவருக்கு இது தெரியாதா, உதடு மட்டும்தான் போய்வந்துகொண்டிருந்தது. ரத்தினராஜின் உதடு. அதே மாதிரி, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல், சத்தம் வெளியே வராமல். அப்பா பிரம்பால் செய்ததை மகன் முழங்காலால் செய்திருக்கிறான். பாவி, பாவி என்று உள்ளே சொன்னார், கைகள் மட்டும் தப்பில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தன, அந்தக் கைகளின்மேல் அவருக்கு அருவருப்பு வந்தது.

கடைசி வரிசைக்கு ஆள் சேரவில்லை. இரண்டு கிழவிகள் வாங்கிக்கொண்டு எழுந்த பிறகுதான் லீதியாள் எழுந்தாள். பைபிளைப் பெஞ்சில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, நடுப்பாதையில் தனியாய் நடந்து வந்தாள். சபையின் கண்ணெல்லாம் அவள்மேல் இருந்தது, ஜெயசிங்கின் கண் மட்டும் ஆர்கன்மேல். அவள் முழங்காலில் நின்றாள். கைகள் சேலைக்குள்ளே இருந்தன. அப்போது தவசிமுத்துவின் கால்கள் நின்றன. நிறுத்தவேண்டும் என்று அவர் நினைத்தாரா, நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தரமாவது அந்தக் கால்கள் அவரைக் கேட்டுக்கொண்டனவா என்பது அவருக்கே தெரியாது. காற்று இறங்கி, பெட்டி ஒரு முனகல் முனகி, அடியின் நடுவிலேயே பாட்டு செத்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராய் விட்டார்கள். மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. பெட்டி கெட்டுப்போச்சு என்று யாரோ கிசுகிசுத்தார்கள். கண்ணாடிக்குள் ஜெயசிங் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தவசிமுத்து ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார், இந்தக் கோயிலின் தரை இவ்வளவு நீளமா, செருப்பில்லாத கால் இவ்வளவு சத்தமா போடும், போய் அவளுக்குப் பக்கத்தில் ஆல்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் வலது முழங்காலை, பிறகு இடது முழங்காலை மடக்கினார். வலித்தது. வலிக்கட்டும்.

"பெட்டி நின்னு போச்சே அத்தான்" என்றாள் அவள், தலை திருப்பாமல்.

"நான்தான் நிறுத்தினேன்." "லீதியா, அன்னைக்கும் நான்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன். அவன்கிட்ட ம்னு சொல்லிட்டு வந்து செஞ்சேன். என்ன மன்னிச்சுரும்மா."

"தெரியும் அத்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, அவர் அதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார், வரவில்லை. குருவானவர் தட்டோடு இரண்டடியில் நின்றுவிட்டார். "அவன் கேட்டத இப்ப செய்யி" என்றார் தவசிமுத்து. "நான் இங்கனதான் இருக்கேன். பெட்டிகிட்ட ஆரும் இல்ல."

பிறகு ஒரு "ஸ்தோத்திரம்" வந்தது, கரகரத்து, ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த கதவு திறக்கிற மாதிரி. இன்னொன்று. சேலைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது, பிறகு மற்றக் கை, சத்தம் உயர்ந்தது, ஆண்டவரே என்றாள், ரத்தினராஜின் பேரைச் சொன்னாள், அல்லேலூயா என்றாள், கோயிலின் கூரை அதைத் திருப்பிச் சொன்னது, முதுகுக்குப் பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிட்டன, யாரோ செருமினார்கள், அவள் கைதட்ட ஆரம்பித்தாள். தவசிமுத்துவின் முகம் அதே மாதிரித் தீப்பிடித்தது. மாறவில்லையே, ஐயோ, இவ்வளவுக்கு அப்புறமும் வெட்கம் மாறவில்லையே என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இடது முழங்கால் தன் பாட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியது. அங்கே தகடு இல்லை, அவளுடைய சேலையின் ஓரம்தான் இருந்தது. அதிலேயே முழங்காலை வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் அப்பத்துக்காக நீட்டினார்.